முழங்கால் தண்ணீர், மூன்று வருடத் தவணை

2015 நவம்பர் கடைசி வாரத்தில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் முடிந்து திரும்பி வந்தது. உள்ளே புகுந்த சேற்றைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் வைத்து, கம்ப்ரசரை மாற்றிக் கொடுத்திருந்தார் மெக்கானிக். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டியாகிவிட்டது. புதிதாக இரண்டு மெத்தை வாங்கிப் போட்டோம். வங்கியில் இருந்த சேமிப்பு அதோடு தீர்ந்தது. ஆனாலும் வீடு மறுபடி வீடாகிவிட்டது என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினோம். டிசம்பர் 1-ம் தேதி இரவு, அதே ஃப்ரிட்ஜ் ஹாலில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது.

சென்னைப் புறநகரான முடிச்சூரில் தரைத்தள வாடகை வீடு எங்களுடையது. நவம்பர் நடுவில் பெய்த மழையில் ஒருமுறை முழுகினோம். எல்லாவற்றையும் சரிசெய்து முடித்த இரண்டு வாரத்துக்குள் இன்னொரு முறை. முதல் வெள்ளம் சேமிப்பைக் கொண்டுபோயிற்று. இரண்டாவது வெள்ளம் அந்தச் சேமிப்பில் வாங்கியவற்றைக் கொண்டுபோயிற்று. வெள்ளத்தைப் பற்றி யார் பேசினாலும் என் நினைவுக்கு முதலில் வருவது படகோ, ஹெலிகாப்டரோ இல்லை. ரிப்பேர் பில்லின் ஈரம் காய்வதற்குள் மறுபடி நனைந்துபோன அந்த ஃப்ரிட்ஜ்தான்.

அந்த இரண்டாவது வெள்ளத்தின்போது ஒரே நாளில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. ஏரியை முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி அன்று எழுந்தது, இன்றும் ஓயவில்லை. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. எங்கள் பகுதிக்கு இன்னொரு கதையும் உண்டு. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேல் இருக்கின்றன. எங்கள் ஹாலுக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர். ஒரு பெரிய ஏரியை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டால் மற்ற இருபது முப்பது ஏரிகளின் கலங்கலும் வாய்க்காலும் என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை.

மழைக்குச் சென்டிமீட்டர் இருக்கிறது. ஏரிக்கு அடிக்கணக்கும் கன அடிக் கணக்கும் இருக்கின்றன. வீட்டுக்குள் வந்த தண்ணீரைக்கூட கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று அளந்துவிடுகிறோம். அந்தத் தண்ணீர் ஒரு குடும்பத்தை எத்தனை வருடம் கடனில் நிறுத்தியது என்பதற்குத்தான் அளவுகோல் இல்லை.

அம்மாவின் நோட்டு

எங்கள் வீட்டில் அந்த அளவு இருக்கிறது. அம்மா எழுதி வைத்திருக்கிறாள். பால் கணக்கு எழுதும் நாற்பது பக்க நோட்டின் கடைசிப் பக்கத்தில், தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், மாடி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது. ஃப்ரிட்ஜ் 14,000. வாஷிங் மெஷின் 11,500. கிரைண்டர் 4,000. மெத்தை இரண்டு 9,000. ப்ளைவுட் பீரோ 8,500. வண்டி இன்ஜின் 7,000. அரிசி, மளிகை 3,000. கூட்டினால் 57,000 ரூபாய். அதற்குக் கீழே 'துணி, பாத்திரம், புத்தகம்' என்று எழுதி, எதிரே தொகை போடாமல் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறாள்.

தமிழ்நாடு அரசு அப்போது குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாயும், தண்ணீர் புகுந்த நிரந்தர வீட்டுக் குடும்பங்களுக்கு 5,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் போட்டது. எங்களுக்கும் 5,000 வந்தது. அந்த வாரத்தில் அது எவ்வளவு பெரிய பணம் என்பது கையில் பத்து ரூபாய் இல்லாமல் நின்றவர்களுக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மீதி 52,000-க்கு நாங்கள்தான் வழி பார்க்க வேண்டும்.

நண்பர் ஒருவர் கைமாற்றாக 12,000 கொடுத்தார். அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி 40,000 ரூபாய்க்கு அடகுக்கடைக்குப் போயிற்று. மாதம் 2 வட்டி. கைமாற்றைத் திருப்பி, பையனின் பள்ளிக் கட்டணம் கட்டி, இடையில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவையும் சமாளித்துச் சங்கிலியை மீட்கும்போது 2018 டிசம்பர் ஆகியிருந்தது. 36 மாதம், வட்டி மட்டும் 28,800 ரூபாய். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் இரண்டையும் புதிதாக வாங்கினால்கூட அவ்வளவு ஆகியிருக்காது.

நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். அடகு வைக்கச் சங்கிலி இருந்தது, மாதச் சம்பளம் வந்தது. வெள்ளத்துக்குப் பின் கடன் வாங்குவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் வட்டியில்லாத கைமாற்று. அடுத்து நகை. நகையும் தீர்ந்தால் சீட்டைத் தள்ளி எடுப்பது. அதற்கும் வழியில்லாதவர்கள்தான் தண்டல்காரரிடம் போகிறார்கள். பத்தாயிரம் என்று பேசி, முன்வட்டி பிடித்துக்கொண்டு குறைவாகக் கையில் கொடுத்து, தினமும் வாசலில் வந்து நின்று வசூலிக்கும் கடன் அது. கந்து வட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் அடுப்பு நனைந்து கிடக்கும் வீட்டுக்கு, சட்டத்தைவிடச் சீக்கிரமாக வந்து சேருவது தண்டல் பணம்தான்.

கீழ்வீட்டுத் தையல் மெஷின்கள்

அதற்குப் பிறகு நாங்கள் தரைத்தளத்தில் குடியிருப்பதில்லை என்று முடிவெடுத்தோம். வேளச்சேரிப் பக்கம் முதல் மாடிக்கு வந்தோம். வாடகை அதிகம், படியேற அம்மாவுக்கு முட்டி வலி. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தபோது, இந்த முறை பால்கனியிலிருந்து தண்ணீரைப் பார்த்தோம். பாதுகாப்பாக நின்று பார்ப்பதில் ஒரு குற்ற உணர்வு இருக்கிறது. கீழ்வீட்டு அக்கா இடுப்பளவு தண்ணீரில் துணி மூட்டைகளைத் தலையில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். அவையெல்லாம் வாடிக்கையாளர்களின் ப்ளவுஸ் துணிகள். தன் வீட்டுப் பொருள்கள் எதையும் அவர் முதலில் தூக்கவில்லை.

அவரிடம் மூன்று தையல் மெஷின்கள். இரண்டு சாதாரணம், ஒன்று எம்ப்ராய்டரி போடும் மெஷின், தவணையில் வாங்கியது. மூன்றின் மோட்டாரும் போயிற்று. கிறிஸ்துமஸ், பொங்கல் என்று தையல் வேலை குவியும் மாதம் டிசம்பர். அதாவது, அவருக்கு வீடு மட்டும் முழுகவில்லை. கடையும், அந்த வருடத்தின் நல்ல வருமானமும் சேர்ந்து முழுகின. வெள்ளக் கணக்கில் இது எங்கும் வருவதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு வெள்ளம் என்பது செலவு. அன்றாடம் சம்பாதிப்பவருக்கு அது செலவோடு வருமானமும் நின்றுபோவது. வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு முதலாளி வீடும் முழுகியிருக்கும். ஒரு வாரம் வேலை இல்லை, பிறகு கூலி கூடுதலாக இல்லாமல் சேறு அள்ளும் வேலை. ஆட்டோக்காரருக்கு இன்ஜினுக்குள் தண்ணீர், ஃபைனான்ஸ்காரருக்குத் தேதி தவறாத தவணை. தள்ளுவண்டிக்காரருக்கு வண்டியே இல்லை.

அக்காவுக்கு மகளிர் குழு மூலமாக ஒரு சிறுகடனும் இருந்தது. வாரத் தவணை. தெருவில் இன்னும் தண்ணீர் நின்றுகொண்டிருந்த வாரத்திலேயே வசூலுக்கு ஆள் வந்தார். வந்தவரும் பாவம், இருபத்தைந்து வயதுப் பையன், அவருக்கு மேலே கேட்பவர்கள் இருக்கிறார்கள். குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும். குழுவில் இருந்த பத்துப் பேரும் அதே தெரு, அதே தண்ணீர். "நான் கட்டலைன்னா அவ கட்டணும் தம்பி, அவ வீட்லயும் அடுப்பு எரியல" என்றார் அக்கா. குழுவின் பலமே ஒருவருக்கு ஒருவர் தாங்குவதுதான். ஒருவர் வீட்டில் நோய் என்றால் அது வேலை செய்யும். எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் தண்ணீர் புகுந்தால் தாங்க ஆள் ஏது?

ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று சிறுகடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் வரம்பு வைத்தது. நல்ல விதி. ஆனால் அது கடன் கொடுக்கும் நாளின் வருமானத்தைப் பார்க்கிறது. வெள்ளம் வந்த மாதத்தில் வருமானம் பூஜ்யமாகிவிட்டால் பாதி என்பதற்கு என்ன பொருள்? கட்டாயப்படுத்தி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. அது தேவைதான். கூடவே, பேரிடர் என்று அரசு அறிவித்த வட்டத்தில் அந்த மாதத்துச் சிறுகடன் தவணைகள் யாரும் கேட்காமலே தள்ளிப்போக வேண்டும் என்பது என் கோரிக்கை. கேட்டால் கிடைக்கும் சலுகை, கேட்கத் தெரிந்தவருக்கு மட்டுமே கிடைக்கிறது.

கார்டு எங்கே, குடும்பம் எங்கே

மிக்ஜாமுக்குப் பின் அரசு 6,000 ரூபாய் அறிவித்து, டோக்கன் கொடுத்து, ரேஷன் கடை வழியாக ரொக்கமாகவே தந்தது. 2015-ல் வங்கிக் கணக்கு எண் தேடி அலைந்ததை நினைத்தால் இது எவ்வளவோ மேல். அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணிக் கரை முழுகியபோது, தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கடுமையாகப் பாதித்த வட்டங்களுக்கும் 6,000 ரூபாய் தரப்பட்டது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக் குடும்பங்களுக்கு 2,000. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்து, தென்பெண்ணைக் கரை ஊர்கள் விடிவதற்குள் முழுகிய வெள்ளம் அது. வீட்டுக்குள் நின்ற தண்ணீர் சென்னையில் நின்றதைவிடக் குறைவாகவா இருந்தது? தொகை ஏன் மூன்றில் ஒரு பங்கானது என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ரேஷன் கார்டை வைத்துக் கொடுப்பதில் வேகம் உண்டு, ஒரு ஓட்டையும் உண்டு. கார்டு விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும், குடும்பம் பெரும்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கும். தண்ணீர் வந்தது இங்கே, கார்டு அங்கே. மாநிலப் பேரிடர் நிதி விதிகளில் (2022 முதல் 2026 வரை) துணிமணிக்குக் குடும்பத்துக்கு 2,500 ரூபாய், பாத்திரம் பண்டத்துக்கு 2,500 ரூபாய் என்று தனித்தனியாக இருக்கிறது. சமவெளியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 1,20,000. கறவை மாடு ஒன்றுக்கு 37,500. இந்த வரிசையில் தையல் மெஷின் ஏறியதை நான் பார்த்ததில்லை. வீடு இடிந்தால் உரிமையாளருக்கு நிவாரணம் உண்டு. சுவர் நின்று, உள்ளே இருந்த எல்லாம் நாசமானால், குடியிருந்தவருக்கு?

தரைத்தளத்துக்கும் பள்ளத்துக்கும் யார் வருகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாடகை குறைவு என்பதால் வருகிறார்கள். படியேற முடியாத முதியவர்கள் வருகிறார்கள். சிலரை அரசே கொண்டுவந்து வைக்கிறது. ஆற்றங்கரையில் குடிசை போட்டிருந்தவர்களை வெள்ள ஆபத்து என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் மாற்றினார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, மழைநீர் இயல்பாக வந்து தங்கும் பள்ளம் அது. வேலைக்கும் தூரம், மழைக்கும் பக்கம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் இன்னொரு வெள்ளத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது, மகிழ்ச்சி. முன்பு பரந்து கிடந்ததில் மிஞ்சியிருக்கும் சிறு பகுதி அது. மற்ற இடமெல்லாம் பட்டா நம்பரோடு விற்கப்பட்டுவிட்டது. வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று பார்ப்பதோடு நிறுத்தாமல், கிராமப் பழைய வரைபடத்தில் அந்த சர்வே எண் ஏரி உள்வாயில் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். நாற்பது வருடமாக அங்கே குடியிருக்கும் பெட்டிக்கடைக்காரரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

சேறு கழுவுவதற்கு முன்னால்

இரண்டு வெள்ளத்தில் நாங்கள் செய்த தவறுகளை எழுதுவது யாருக்காவது உதவும்.

தண்ணீர் வடிந்ததும் அம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டாள். எந்த அம்மாவும் அதைத்தான் செய்வாள். ஆனால் கழுவும் முன் போட்டோ எடுக்க வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கறை, அதன் பக்கத்தில் ஒரு ஆள், முழுகிய ஒவ்வொரு பொருளும், அதன் மாடல் எண் ஒட்டிய இடமும். நிவாரணக் கணக்கெடுக்க வருபவருக்கும், காப்பீட்டு சர்வேயருக்கும் அதுதான் சாட்சி. நாங்கள் எல்லாவற்றையும் கழுவித் தெருமுனைக் குப்பையில் போட்ட பிறகுதான் கணக்கெடுக்க ஆள் வந்தார்.

வண்டியில் நான் செய்தது இன்னும் பெரிய தவறு. ஓடுகிறதா பார்ப்போம் என்று ஸ்டார்ட் செய்தேன். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அழுந்தாது. பிஸ்டன் ராடு வளைந்துவிடும். முழுகிய வண்டியை, அது காராக இருந்தாலும் பைக்காக இருந்தாலும், சாவி போடாமல் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்குப் பணம் தரச் சாதாரண பாலிசியில் மறுப்பார்கள். இன்ஜினுக்கென்று தனியாகச் சேர்க்கும் பாதுகாப்பு இருந்தால்தான் பேச முடியும். தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் வெள்ளத்துக்கு ஒரு பைசாவும் கிடைக்காது.

வீட்டுக்குக் காப்பீடு என்றாலே அது பங்களாக்காரர் விஷயம் என்று நினைத்திருந்தேன். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. வெள்ளமும் புயலும் அதில் அடக்கம். கட்டடத்துக்குப் போட்டால் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே சேரும். வாடகைக்கு இருப்பவர் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம். வீட்டுக்கடன் வாங்கும்போது எடுக்கப்படும் காப்பீடு பெரும்பாலும் கட்டடத்தோடு நின்றுவிடும். பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். கோரிக்கையை நிராகரித்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். சென்னையிலேயே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

வங்கித் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதி தவறும் முன்பே போய் எழுதிக் கொடுக்க வேண்டும். பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் தவணைகளை மாற்றியமைத்துக் கொடுக்க ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதெல்லாம் மேலாளர் மாறினால் போய்விடும்.

நனைந்த சர்டிபிகேட்டுகளை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். ஒட்டிய தாள்களை அப்படியே நிழலில், மின்விசிறிக் காற்றில், தானாகப் பிரிகிற இடங்களில் மட்டும் வெள்ளைத்தாள் வைத்து உலரவிட வேண்டும். நான் வெயிலில் போட்டு என் டிகிரி சர்டிபிகேட்டைச் சுருள வைத்துவிட்டேன். 2015 டிசம்பரில் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் ஆவணங்களை இலவசமாகக் கொடுத்தது. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரிடம் கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் தவிர எந்தக் காகிதமும் மிஞ்சியிருக்கவில்லை. இன்றைக்கு எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, டிஜிலாக்கரிலும் போட்டு வைக்கலாம். ஐந்து நிமிட வேலை.

மெயின் சுவிட்சை அணைப்பது, சம்ப்பைக் காலிசெய்து ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவது, எலிக்காய்ச்சலுக்குப் பயந்து புண் உள்ள காலோடு சேற்றில் இறங்காமல் இருப்பது, இவையெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி பில்லும் வெள்ளக் கடனில்தான் சேர்கிறது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

மழைமானி பார்த்துப் பணம்

குஜராத்தில் தொடங்கிய சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, தன் உறுப்பினர்களுக்காக ஒரு வெயில் காப்பீடு நடத்துகிறது. குறிப்பிட்ட டிகிரியை வெயில் தாண்டினால் போதும். யாரும் விண்ணப்பிக்க வேண்டாம், சர்வேயர் வர வேண்டாம், பணம் கணக்குக்குப் போய்விடும். 2024 கோடையில் அப்படிப் போனது. தெருவில் காய்கறி விற்கும் பெண் வெயிலில் வேலைக்குப் போக முடியாத நாளின் கூலிக்கு ஈடு அது. நாகாலாந்து அரசு இதே முறையில் மாநிலத்துக்கே பேரிடர்க் காப்பீடு எடுத்திருக்கிறது.

நமக்கு மழை. மீனம்பாக்கத்திலும் நுங்கம்பாக்கத்திலும் தாம்பரத்திலும் ஒவ்வொரு நாள் காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் படிக்கிறார்கள். அந்த எண் டிவியில் செய்தியாக ஓடி முடிகிறது. அதே எண் இருபது சென்டிமீட்டரைத் தாண்டினால், அந்த வட்டத்துத் தரைத்தளக் குடும்பங்களுக்கு, வாடகைக்காரர்களையும் சேர்த்து, மறுநாளே ஒரு தொகை போகட்டும். நிவாரணத்துக்குப் பதிலாக இல்லை, நிவாரணம் வரும்வரை. அந்த முதல் பத்து நாளில்தான் தண்டல்காரர் வாசலுக்கு வருகிறார். அந்தப் பத்து நாளைத் தாண்டிவிட்டால் எத்தனையோ சங்கிலிகள் கழுத்திலேயே இருக்கும்.

கீழ்வீட்டு அக்கா 2024 தீபாவளிக்கு முன் எம்ப்ராய்டரி மெஷினின் கடைசித் தவணையைக் கட்டினார். ஓடாத மெஷினுக்குத்தான். இரண்டாம் கையாக வாங்கிய வேறொரு மெஷினில் இப்போது தைக்கிறார். அதன் நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்து இரண்டடி உயர்த்தியிருக்கிறார். மிதிக்கக் கால் எட்டாததால் ஸ்டூல் ஒன்றும் உயரமாகச் செய்யச் சொல்லி வாங்கியிருக்கிறார்.

அம்மா அக்டோபர் பிறந்ததும் நோட்டில் ஒரு புதுப் பக்கம் தொடங்குகிறாள். பரணில் முதலில் ஏற வேண்டியவை என்று தலைப்பு. நாங்கள் முதல் மாடியில்தானே இருக்கிறோம் என்று போன வருடம் சொல்லிப் பார்த்தேன். கீழே இருக்கிறவங்க சாமான் வைக்க இடம் வேணாமா என்று கேட்டுவிட்டு, எங்கள் பரணைக் காலி செய்ய ஸ்டூலைப் பிடிக்கச் சொன்னாள்.